யப்பானியருக்குச் சொன்ன வீடு

ஹரோ, லண்டன்
5 செப்ரெம்பர் 2004

லாராவின் அப்பாவுக்கு,

நீங்கள் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். நினைப்பு மட்டும்தான். ரெலிபோனில் கேட்டால் "ம்" என்று ஒரு சத்தம் வருகிறது. அதை வைத்துக்கொண்டு சுகமா, காய்ச்சலா, பக்கத்தில் ஆள் நிற்கிறதா என்று ஒன்றும் கண்டுபிடிக்க ஏலாது. பிறகு நான் கத்துவேன், நீங்கள் போனை வைப்பீர்கள், லாரா தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவாள். ஆகையால் இனிக் கடிதம்தான். கடிதத்தில் "ம்" என்று எழுத மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

நாங்கள் இங்கே வந்து, போன மாதத்தோடு ஒரு வருடம். ஜேர்மனியில், ஹம்மில் சாமான்களை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு நிற்கும்போது நீங்கள் சொன்னது எனக்கு நல்ல ஞாபகம். "நீர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு முன்னுக்குப் போம், நான் ஒரு வருசத்தில வாறன்" என்றீர்கள். பக்கத்தில் புஸ்பவதி அக்காவும் நின்றவ. தங்கச்சியைக் கூட்டிப்போக லண்டனிலிருந்து வந்த மனுசி, இப்போது மாதம் ஒருமுறை அந்தச் சொல்லை எனக்கு ஞாபகப்படுத்துகிறா.

பிள்ளைக்கு இங்கிலீசுப் படிப்பு வேண்டும் என்று, ஜேர்மன் பாஸ்போட் கைக்கு வந்த கையோடு ஹம்மில் பாதிச் சனம் இங்கே வந்தது. நாங்களும் வந்தோம். இதில் பகிடி என்னவென்றால், யாழ்ப்பாணத்தில் பத்து வருடம் இங்கிலீசு படிப்பித்த மனிதனை ஜேர்மனியில் விட்டுவிட்டு இங்கிலீசு படிக்க நாங்கள் லண்டனுக்கு வந்திருக்கிறோம். அக்கா இதை வருகிற ஆள்களுக்கெல்லாம் சொல்லிச் சிரிக்கிறா. நானும் சேர்ந்து சிரிக்கிறேன். வேறு என்ன செய்கிறது?

ஆஸ்பத்திரிச் சமையலறையில் பன்னிரண்டு வருடம் சட்டி கழுவின பிறகு, டுசில்டோர்ப்பில் யப்பானியருக்கு இங்கிலீசு படிப்பிக்கிற வேலை உங்களுக்குக் கிடைத்தது. அதை விட மனம் வரவில்லை என்பது எனக்கு விளங்குகிறது. ஆனால் விளங்குகிறது என்பதற்காக எத்தனை வருடம் காத்திருக்கலாம்?

இரண்டு விசயம். எங்கள் வீட்டின் பின் அறையில் இருக்கிற பொடியன் மார்கழியோடு போகிறான். அந்த அறையையும் நாங்கள் எடுக்கிறோமா என்று வீட்டுக்காரர் கேட்கிறார். மற்றது, வருகிற வைகாசி, மே 15, பெந்தகோஸ்து ஞாயிறு, லாராவுக்குக் கோயிலில் உறுதிப்பூசுதல் பூசை, ஆயர் வருகிறார். அதற்கு முதல் நீங்கள் இங்கே வந்து எங்களோடு இருக்க வேண்டும். வருவீர்களா, இல்லையா? அது தெரிந்தால் போதும் எனக்கு.

நேரத்துக்குச் சாப்பிடுங்கோ. பாணும் பட்டரும் சாப்பாடு இல்லை.

பேர்பெச்சுவா


ஹம்
19.9.2004

அன்புள்ள பேர்பெச்சுவாவுக்கு,

கடிதம் கிடைத்தது. "ம்" என்று எழுதவில்லை, பார்த்துக்கொள்ளும்.

காய்ச்சல் இல்லை. பக்கத்தில் ஆளும் இல்லை. காலை ஏழு மணி ரயிலில் டுசில்டோர்ப் போகிறேன், பின்னேரம் திரும்பி வருகிறேன். சனி ஞாயிறு படுத்திருக்கிறேன். கவலை என்று எழுத ஒன்றும் இல்லை, சந்தோசம் என்று எழுதவும் இல்லை. குளிரில் கை விறைத்துப்போனால் ஊசி குத்தினாலும் தெரியாதல்லவா, அந்த மாதிரி.

ஆவணியில் இருந்து இரண்டு புது வகுப்பு. ஒரு யப்பான் கொம்பனி தன் ஆள்களின் மனைவிமாரை அனுப்பியிருக்கிறது. மொத்தம் பத்தொன்பது பேர். நான் உள்ளே போனதும் எழுந்து குனிந்து வணக்கம் சொல்லிவிட்டு இருப்பார்கள். கேள்வி கேட்டால் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். ஆகவும் மூத்த மனுசி வாய் திறந்த பிறகுதான் மற்றவர்கள் திறப்பார்கள். பிழையாக எழுதினால் கடதாசி தேயுமட்டும் அழிப்பார்கள். நான் சொல்வது எதுவானாலும் கொப்பியில் ஏறும். போன கிழமை தும்மிவிட்டு மன்னிப்புக் கேட்டேன். அதையும் எழுதினார்கள். முடிந்ததும் பலகையைத் தாங்களே துடைத்துவிட்டு, திரும்பவும் குனிந்து வணங்கிவிட்டுப் போவார்கள். என்னைச் "சென்செய்" என்கிறார்கள். ஆசிரியர் என்று அர்த்தம். சமையலறையில் என்னை விரல் சொடுக்கித்தான் கூப்பிட்டார்கள் என்பது உமக்குத் தெரியும்.

அறை விசயம் யோசிப்போம்.

நான் கேட்பவற்றுக்கு மறுமொழி எழுதும். பஸ் தரிப்பிடம் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்? எத்தனையாம் நம்பர் பஸ்? சமையலறை யன்னலால் பார்த்தால் என்ன தெரியும்? பக்கத்து வீட்டில் ஆர்? சனிக்கிழமை காலமையில் நீரும் லாராவும் என்ன செய்வீர்கள்? சுருக்கமாக எழுத வேண்டாம்.

லாராவைக் கேட்டதாகச் சொல்லும்.

ஜேசுரட்ணம்


ஹரோ
3 ஒக்ரோபர் 2004

லாராவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். கோபிக்க வேண்டாம். கடைசிப் பந்தியை மட்டும்தான். "இஞ்ச பார், இவ்வளவு கேள்வி கேக்கிற மனுசன் வாறதுக்குத்தான் கேக்கிறான்" என்றா. எனக்கும் அப்படித்தான் பட்டது. பதினைந்து வருடச் சீவியத்தில் வீட்டைப் பற்றி நீங்கள் கேட்ட கேள்வி, "கதவுத் திறப்பை எங்க வைச்சீர்?" என்பது ஒன்றுதான்.

சுருக்கமாக வேண்டாம் என்று நீங்களே சொன்னீர்கள், பிறகு முறைப்பாடு சொல்லக்கூடாது.

பஸ் நம்பர் 182. தரிப்பிடத்திலிருந்து வீட்டுக்கு நடை ஆறு நிமிடம், நான் நடந்தால். நீங்கள் நடந்தால் பத்து. இறங்கினதும் ஒரு மருந்துக் கடை, அதைத் தாண்டி ஒரு பூட்டின சாராயக் கடை, பிறகு இடது பக்கம் திரும்ப வேண்டும். எங்கள் கதவு பச்சை நிறம், கீழ்ப்பக்கம் உரிந்திருக்கிறது. சமையலறை யன்னலால் பார்த்தால் பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் உடுப்பும் அதற்கு அங்கால் ரயில் பாதையும் தெரியும். பக்கத்து வீட்டில் பட்டேல் என்று ஒரு குஜராத்திக் கிழவர், தனி ஆள். அவரிடம் ஒரு பெரிய நாய் இருக்கிறது. பார்த்தால் பயம் வரும், ஆனால் அதற்கு மழை என்றால் பயம். இரண்டு துளி விழுந்தால் எங்கள் கதவைச் சுரண்டும்.

சனி காலமையில் லாராவுக்கு நீச்சல். நான் வெளியே வாங்கிலில் இருந்து கண்ணாடியால் பார்ப்பேன். மற்றப் பிள்ளைகளுக்குத் தகப்பன்மார் வருவார்கள், துவாயைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். முடிந்ததும் வெம்பிளிக்குப் போய் முருங்கைக்காய், மீன், கீரை. வரும்போது லாராவுக்கு ஒரு பொட்டலம் உருளைக்கிழங்குப் பொரியல், வினாகிரி விட்டது. அவள் அதைப் பஸ்ஸின் மேல்தட்டில் முன் கதிரையில் இருந்துதான் சாப்பிடுவாள். அந்தக் கதிரை கிடைக்காவிட்டால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். என்ன பிடிவாதம் என்று கேட்காதேங்கோ, ஆருடைய பிள்ளை?

குளியலறைக் கூரை ஒழுகுகிறது. வாளி வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் நாளைக்கு நாளைக்கு என்கிறார். அவருக்கு ஒழுங்கான இங்கிலீசில் ஒரு கடிதம் எழுத ஆள் இல்லை. லாரா எழுதுவாள், ஆனால் பதின்மூன்று வயதுப் பிள்ளையின் எழுத்தை ஆர் மதிப்பார்கள்?

பின் அறைக்கு ஓம் என்று சொல்லிவிட்டேன். அதில் காலை வெயில் விழும். நீங்கள் வாசிக்கிறதுக்கு நல்லது.

பேர்பெச்சுவா


ஹம்
31.10.2004

அன்புள்ள பேர்பெச்சுவாவுக்கு,

கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். நன்றாக எழுதுகிறீர். இவ்வளவு நாளும் எனக்கு இது தெரியாமல் போய்விட்டது.

இன்னும் சில. வெள்ளி பின்னேரம் பள்ளிக்கூடத்தால் வந்ததும் லாரா முதல் என்ன செய்வாள்? சாப்பாட்டு மேசையில் ஆர் எந்தக் கதிரை? ஞாயிறு பூசை எத்தனை மணிக்கு, அது முடிந்தால் எங்கே போவீர்கள்? மழை பெய்கிற நாளில் வீட்டுக்குள் என்ன செய்வீர்கள்? நாய்க்கு என்ன பெயர்?

நத்தாருக்கு வர ஏலாது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஒரு குளிர்கால வகுப்பு வைக்கிறார்கள், 23ஆம் திகதி வரைக்கும். பிறகு ஒரு கிழமைக்காக வந்துபோவதில் என்ன பயன்?

கெவலார் மாதா கோயிலுக்கு ஆவணியில் போகவில்லை. ஹம்மில் இருந்து ஒரு பஸ் போனது. மேல்மாடி ராசன் வந்து கூப்பிட்டான். கால் எழும்பவில்லை. வருத்தம் ஒன்றும் இல்லை, சும்மாதான்.

ஜேசுரட்ணம்


ஹரோ
28 நவெம்பர் 2004

லாராவின் அப்பாவுக்கு,

நாயின் பெயர் ராஜா. இதைக் கேட்டு எழுதுகிற மனிதன் மகளின் சப்பாத்து அளவு என்ன என்று கேட்கவில்லை. அது இப்போது என் அளவு. நேற்று என்னுடையதைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

வெள்ளி பின்னேரம் வந்ததும் பையை மாடிப்படியில் எறிவாள். பிறகு குளிர்ப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பாள், எதையும் எடுக்க மாட்டாள். மேசையில் நான் அடுப்புப் பக்கம், அவள் யன்னல் பக்கம், சுவர்ப் பக்கம் ஒரு கதிரை சும்மா. மழை நாளில் இரண்டு பேரும் கடதாசிச் சீட்டு விளையாடுவோம். அவள் கள்ள ஆட்டம் ஆடுவாள், நான் பார்த்தும் பாராத மாதிரி இருப்பேன். ஞாயிறு பூசை பத்து மணிக்கு. பிறகு அக்கா வீட்டில் ஆட்டிறைச்சி. அத்தான் அரசியல் கதைப்பார், நாங்கள் கோப்பை கழுவுவோம்.

நத்தாருக்கு வராவிட்டால் போகட்டும். வாயைக் கட்டிக்கொண்டு இதை எழுதுகிறேன், உங்களுக்குத் தெரியும். பின் அறைக்குக் கட்டில் வாங்கியாயிற்று. லாரா தன் கையால் யன்னலுக்குத் திரை போட்டிருக்கிறாள். நீலத் திரை, கொஞ்சம் கோணல். அதைச் சரிப்படுத்த வேண்டாம் என்று எனக்குச் சொல்லியிருக்கிறாள். "அப்பா வந்து சொல்லட்டும்" என்கிறாள்.

உங்கள் கேள்விகளுக்கு மறுமொழி எழுத இருக்கும்போது எனக்குக் கலியாணம் கட்டின புதிசு மாதிரி இருக்கிறது. இதை எழுத எனக்கு வெட்கமாகவும் இருக்கிறது.

பேர்பெச்சுவா


ஹரோ
6 சனவரி 2005

லாராவின் அப்பாவுக்கு,

புத்தாண்டு வாழ்த்து. உங்களுக்கு வந்த வாழ்த்துகள் என்னிடம் இருக்கின்றன. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

வருடம் முடிகிற அன்று ஆறு வாழ்த்து மட்டை வந்தன. செவ்வாய்க்கிழமை ஒன்பது, நேற்று நான்கு. எல்லாவற்றிலும் மிஸ்ரர் ஜேசுரட்ணமும் குடும்பமும் என்று எழுதி எங்கள் விலாசம். எல்லாவற்றிலும் ஒரு சேவல். யப்பானியருக்கு இது சேவல் வருடம் என்று லாரா கம்பியூட்டரில் பார்த்துச் சொன்னாள். சிலது அச்சடித்த சேவல், சிலது கையால் கீறினது. ஒன்று மிகவும் வடிவு.

முதலில், நீங்கள் இங்கே வரப் போகிறீர்கள், அதனால்தான் இந்த விலாசத்தைக் கொடுத்திருக்கிறீர்கள் என்று நினைத்தேன். ஒரு கால் மணி நேரம் அப்படி நினைத்துக்கொண்டு தேத்தண்ணி ஊற்றிக் குடித்தேன். நல்ல தேத்தண்ணி. பிறகு லாரா ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினாள்.

பட்டேலின் ராஜா இந்த வருடம் மழைக்குப் பயப்படாமல் இருக்கட்டும் என்று ஒரு மனுசி வாழ்த்துகிறா. உங்கள் குளியலறைக் கூரை ஒழுகுவது நின்றுவிட்டதா என்று இன்னொரு மனுசி கேட்கிறா. ஒழுகுகிறது என்று உங்களுக்கு எழுதின எனக்கு நீங்கள் அதைப் பற்றி ஒரு வரி திருப்பி எழுதவில்லை. யப்பானில் பிறந்த ஒருத்தி கவலைப்பட்டுக் கேட்கிறா. இன்னொருத்தி, சனிக்கிழமைகளில் நீங்கள் துவாயோடு நின்று லாராவின் நீச்சலைப் பார்ப்பதைத் தன் புருசனுக்குச் சொன்னதாகவும், அந்த மனிதன் வெட்கப்பட்டு இப்போது தங்கள் மகனைக் கூட்டிப்போவதாகவும் எழுதியிருக்கிறா. அந்தப் பிள்ளைக்காவது நன்மை நடந்திருக்கிறது.

வடிவான சேவல் கீறினது ஹிரோசே என்ற மனுசி. அவ எழுதினதை அப்படியே தமிழில் தருகிறேன். "ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இவ்வளவு தூரம் வீட்டுக்குப் போகிறீர்கள். உங்களுக்குக் களைப்பாக இருக்கும். உங்கள் மனைவி கொடுத்து வைத்தவர்."

லாரா அதை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அப்பா ஒவ்வொரு வெள்ளியும் வாறாராம். எங்க படுக்கிறவர்?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். பிறகு பின் அறைக்குப் போய்த் திரையைக் கழற்றிக்கொண்டு வந்து உடுப்புக் கூடைக்குள் போட்டாள்.

மூன்று மாதமாக உங்களுக்குக் கடிதம் எழுதுகிறேன் என்று நினைத்திருந்தேன். பாடப் புத்தகம் அல்லவா எழுதியிருக்கிறேன்.

என்ன நடந்தது என்று எழுதுங்கோ. பொய் எழுத வேண்டாம். அதை வகுப்பில் சொல்லுங்கோ.

பேர்பெச்சுவா


ஹம்
16.1.2005

பேர்பெச்சுவாவுக்கு,

நடந்ததை எழுதுகிறேன்.

அந்தக் கொம்பனி வகுப்புக் கேட்டபோது லண்டன் ஆசிரியர் வேண்டும் என்று கேட்டது. பள்ளிக்கூடம் நடத்துகிற ஃபிறாவ் லின்ட்னர் என்னைக் கூப்பிட்டு, "உங்கள் குடும்பம் லண்டனில்தானே? அப்படியென்றால் நீங்கள் லண்டன் ஆள்" என்றா. நான் மறுக்கவில்லை. முதல் நாள் வகுப்பில் ஒரு மாணவி, வீட்டுக்கு எப்போது போவீர்கள் என்று கேட்டா. நான் வாய் திறக்க முதல் கதவடியில் நின்ற ஃபிறாவ் லின்ட்னர், "ஒவ்வொரு வெள்ளியும்" என்றா. அவவுக்கு அது அந்த நேரத்துக்கு ஒரு மறுமொழி. எனக்கு அது பிறகு ஒவ்வொரு கிழமையும் வந்தது. எங்கள் வகுப்பு, சனி ஞாயிறு எப்படிப் போனது என்று ஆளுக்கு ஆள் கேட்டுச் சொல்வதில்தான் தொடங்கும். அது இந்தப் பள்ளிக்கூடத்தின் முறை. எல்லோரும் சொல்லி முடித்துவிட்டு, உங்களுக்கு எப்படி சென்செய் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். படுத்திருந்தேன் என்று எத்தனை கிழமைக்குச் சொல்வது?

முதல் இரண்டு கிழமை கதை கட்டினேன். நன்றாக வரவில்லை. பிறகுதான் உம்மிடம் கேட்டேன்.

விலாசத்தில் பிழை விட்டேன். ஐப்பசியில் ஒரு பாடம், கடித உறையில் விலாசம் எழுதுவது. உதாரணத்துக்கு ஒரு லண்டன் விலாசம் வேண்டும். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். பலகையில் எழுதினேன். அவர்கள் எழுதிக்கொண்டார்கள். புத்தாண்டுக்கு ஆசிரியரின் வீட்டுக்கு வாழ்த்து அனுப்பாமல் விடுவது அவர்களுக்குப் பெரிய மரியாதைக் குறைவாம். அதை நான் இப்போதுதான் அறிந்தேன்.

பொய் எழுத வேண்டாம் என்றீர். ஆனபடியால் மிச்சத்தையும் எழுதுகிறேன். உம்முடைய கடிதம் வந்தால் சனிக்கிழமை முழுவதும் அதோடுதான் இருப்பேன். பஸ்ஸால் இறங்கி, மருந்துக் கடையைத் தாண்டி, இடது பக்கம் திரும்பி வருவேன். சுவர்ப் பக்கத்துக் கதிரையில் இருப்பேன். செவ்வாய்க்கிழமை அதை வகுப்பில் சொல்லும்போது எனக்குக் குரல் வரும். வேறு நேரத்தில் வருவதில்லை. இப்படிச் செய்யச் செய்ய, அங்கே வந்து இருந்து முடிந்துவிட்டது போல ஒரு நினைப்பு. பிறகு ஏன் பெட்டி கட்டுவது என்று இருந்தது. இதைச் சொன்னால் உமக்கு ஆத்திரம் வரும். வரட்டும்.

இன்னொன்று. லண்டனில் என் இங்கிலீசை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? அத்தானைப் போல ஒரு கடையில் பெட்டி அடுக்கலாம். இங்கே நான் தும்மினாலும் எழுதுகிறார்கள்.

வெட்கப்பட வேண்டும் என்று தெரிகிறது. இன்னும் வரவில்லை.

ஜேசுரட்ணம்


ஹரோ
6 பெப்ரவரி 2005

லாராவின் அப்பாவுக்கு,

ஆத்திரம் வந்தது. இரண்டு கிழமை இருந்தது, போய்விட்டது. அதற்குப் பிறகுதான் எழுதுகிறேன்.

உங்களுக்குப் பைத்தியம் இல்லை. தனிய இருந்து மரத்துப் போய்விட்டீர்கள். அதில் என் பங்கும் இருக்கிறது. வருகிறேன் என்று சொன்ன மனிதனை நம்பிக்கொண்டு, வர ஏலாத மனிதனை விட்டுவிட்டு வந்தேன். பெட்டி அடுக்கினால் என்ன? அத்தான் பெட்டி அடுக்குகிறார், பின்னேரம் வீட்டுக்கு வருகிறார். எனக்கு அது போதும்.

வைகாசி 15, காலை பத்து மணி. வாங்கோ. ஏன் எதற்கு என்று ஆரும் கேட்க மாட்டார்கள், அக்காவின் வாயையும் நான் கட்டுகிறேன். லாராவிடம் நீங்கள் வருவதாகச் சொல்லவில்லை, வர மாட்டீர்கள் என்றும் சொல்லவில்லை. வந்தால் எல்லாம் சரி. வராவிட்டால் அதோடு முடிந்தது. இனி நடுவில் ஒன்றும் இல்லை.

அதுவரைக்கும் வீட்டைப் பற்றி எழுத மாட்டேன்.

பேர்பெச்சுவா


ஹம்
18.5.2005

பேர்பெச்சுவாவுக்கு,

நான் வந்தேன்.

ஞாயிறு விடிய டோர்ட்முண்டில் விமானம், லூட்டனில் இறங்கி ரயில், பிறகு 182. ஆரிடமும் வழி கேட்கவில்லை. மருந்துக் கடை இருந்தது. சாராயக் கடையை இப்போது திறந்திருக்கிறார்கள். வீட்டுக் கதவு வரைக்கும் போனேன், நீங்கள் கோயிலுக்குப் போய்விட்டீர்கள். மணிச் சத்தம் கேட்ட பக்கம் நடந்தேன். கோயில் ஏற்றத்தில் இருக்கிறது என்று நீர் எழுதவில்லை. மூச்சு வாங்கியது.

பின்னுக்குத் தூணோடு நின்றேன். லாரா இளநீலச் சட்டை. உம்மைவிட உயரம். ஆயர் அவளுடைய நெற்றியில் எண்ணெய் பூசும்போது அக்காவின் கை அவள் தோளில் இருந்தது. நீர் அழுதீர். எனக்கும் வரும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

முடிய முதல் வெளியே வந்து வீதிக்கு மற்றப் பக்கம் பஸ் தரிப்பில் நின்றேன். நீங்கள் எல்லோரும் முற்றத்துக்கு வந்தீர்கள். லாரா சிநேகிதப் பிள்ளைகளோடு சத்தமாகக் கதைத்துச் சிரித்தாள். நல்ல வேகம். ஊரில் பத்து வருடமும் இங்கே மூன்று வருடமும் இங்கிலீசு படிப்பித்தவன், ஒரு சொல்லும் பிடிபடவில்லை. இவளோடு இனி எந்தப் பாசையில் கதைப்பது என்று நினைத்தேன். தமிழ் இருக்கிறது என்பது விமானத்தில் ஏறின பிறகுதான் ஞாபகம் வந்தது.

வீதியைக் கடக்க இருபது அடி இருக்கும். கால் எழும்பவில்லை. பயமில்லை, துக்கமும் இல்லை. வந்தாயிற்று, பார்த்தாயிற்று என்று மட்டும் இருந்தது. நீங்கள் படம் எடுக்க நின்றீர்கள். கனநேரம் நின்றீர்கள், ஏன் என்று தெரியவில்லை. பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

நேற்றுச் செவ்வாய். வகுப்பில் சனி ஞாயிறு எப்படிப் போனது என்று கேட்டார்கள். மகளுக்கு உறுதிப்பூசுதல் என்று சொன்னேன். சட்டையின் நிறம், எண்ணெய், உம்முடைய அழுகை, எல்லாம் சொன்னேன். இந்த முறை எல்லாம் உண்மை. எழுதிக்கொண்டார்கள். பிறகு எழுந்து நின்று கை தட்டினார்கள்.

இதை வருகை என்று நீர் கணக்கில் எடுப்பீரா தெரியாது.

ஜேசுரட்ணம்


ஹரோ
29 மே 2005

லாராவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு லாராவிடம் கொடுத்தேன். வாசித்து முடித்து மடித்துத் தந்தாள். "எனக்குத் தெரியும்" என்றாள்.

எண்ணெய் பூசின பிறகு திரும்பி வரும்போது தூணடியில் உங்களைக் கண்டிருக்கிறாள். மண்ணிறச் சட்டை, கையில் ஒரு பை. ஆருக்கும் சொல்லவில்லை. எனக்குச் சொன்னால் நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்துக் காரியத்தைக் கெடுத்துவிடுவேன் என்று நினைத்தாளாம். "அப்பா வெக்கப்படுறார், தானா வரட்டும் எண்டு விட்டனான்" என்றாள். பஸ் தரிப்பில் நின்றதையும் கண்டவள். சிநேகிதப் பிள்ளைகளோடு அவ்வளவு சத்தமாகச் சிரித்தது, தான் கோபமாக இல்லை என்று உங்களுக்குக் காட்டத்தானாம்.

நாங்கள் ஏன் கனநேரம் நின்றோம் என்று தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அத்தான் படம் எடுக்க வந்தார். எனக்கும் தனக்கும் நடுவில் லாரா இடம் விட்டு நின்றாள். கிட்ட வா பிள்ளை என்றார் அத்தான். "நில்லுங்கோ பெரியப்பா, ஒராள் வரவேணும்" என்றாள். சிநேகிதி ஆரோ என்று நினைத்து நாங்களும் நின்றோம். அக்காவுக்குச் சப்பாத்துக் கடித்தது, முணுமுணுத்துக்கொண்டு நின்றா. ஒரு பஸ் வந்து போனது. அதற்குப் பிறகு லாரா, "எடுங்கோ" என்றாள். இடத்தை மூடவில்லை. அப்படியே எடுத்தார்.

வந்தீர்கள். கணக்கில் எடுத்துக்கொள்கிறேன். நான் வா என்று கேட்டது உங்கள் கண்ணை இல்லை.

இது என் கடைசிக் கடிதம். நீங்களும் எழுத வேண்டாம், வந்தால் திறக்க மாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை. பிள்ளை இனித் தபால்காரனைப் பார்த்துக்கொண்டு இருக்கக்கூடாது.

படம் கழுவி வந்திருக்கிறது. ஒரு பிரதி உங்களுக்கு அனுப்ப உறையும் எடுத்து வைத்தேன். லாரா வேண்டாம் என்றாள்.

"வகுப்பில காட்டுவார்" என்றாள்.

பேர்பெச்சுவா